டிக்கெட் கடைசியில்: மேற்கு ஆப்பிரிக்க ஆட்டக்காரரைச் சிங்கப்பூர்க் குழுவில் சேர்ப்பது எப்படி?

லாகோஸிலிருந்தோ அக்ராவிலிருந்தோ டாக்காரிலிருந்தோ வரும் ஒரு காற்பந்து ஆட்டக்காரர் சிங்கப்பூரில் சிக்கலில் மாட்டினால், பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டார்கள், தாள்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஊரில் கடன் வாங்கி, நிலம் விற்று, அக்காவின் கடையை அடகு வைத்து வந்தவர் அவர். குழுவுக்கு அது ஒரு பதிவுக் கோளாறு. அவருக்கு அது முழு வாழ்க்கை. குழு நிர்வாகிகளும், குழுவுக்காக ஓடியாடும் தொண்டூழியர்களும் எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று இங்கே எழுதியிருக்கிறோம்.

இது நமக்குப் புதிய கதை இல்லை. 1996இல் தொடங்கிய, சிங்கப்பூரின் தொழில்முறை லீக்கான எஸ்-லீக்கில் மேற்கு ஆப்பிரிக்கர்கள் நெடுங்காலம் ஆடியிருக்கிறார்கள். 2006இல் ஸ்போர்ட்டிங் ஆஃப்ரிக் என்று ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களைக் கொண்ட தனிக் குழுவே ஒரு பருவம் களமிறங்கியது. நைஜீரியாவில் பிறந்த இட்டிமி டிக்சன், அகு காஸ்மிர், பிரஷியஸ் எமுஜெராயே ஆகியோர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுத் தேசியக் குழுவுக்கு ஆடினார்கள். தென்கிழக்காசிய நாடுகள் மோதும் 2004 டைகர் கிண்ணத்தின் இறுதிச் சுற்று 2005 ஜனவரியில் நடந்தபோது, இந்தோனேசியாவுக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் காஸ்மிர் கோல் போட்டார். ஆனால் அந்த வழி இப்போது மிக நீளம். 2008 முதல், வேறு எந்தத் தொடர்பும் இல்லாத நாட்டுக்கு ஆட வேண்டுமானால் 18 வயதுக்குப் பிறகு 5 ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்திருக்க வேண்டும் என்கிறது ஃபிஃபா. ஆகவே "நன்றாக ஆடினால் தேசியக் குழுவில் இடம் கிடைக்கும்" என்ற ஆசையை யாருக்கும் காட்டாதீர்கள்.

தன்விவரத்தை எப்படிப் படிப்பது

உங்களுக்கு வரும் தன்விவரம் அநேகமாக ஒரே பக்கம்தான் இருக்கும். இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "2016–18 அக்ரா, அகாடமி. 2018–20 கானா பிரிமியர் லீக். 2021–22 சைப்ரஸ் இரண்டாம் பிரிவு. 2023 கம்போடியா, 9 கோல்." பலர் கோல் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது இடைவெளிகளை.

2018–20இல் இவர் ஆடிய ஆட்டங்கள் குறைவாக இருந்தால் அது அவர் குற்றமாகவே இருக்க வேண்டியதில்லை. கானாவில் 2018 ஜூனில் லஞ்ச விவகாரம் வெடித்து லீக் நின்றது. வழக்கமான லீக் 2019 டிசம்பரில்தான் திரும்பியது. அந்தப் பருவமும் கொவிட்டால் பாதியில் ரத்தானது. இது தெரியாதவர்கள் "இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தவர்" என்று ஒதுக்கிவிடுவார்கள். மாறாக, அந்த இரண்டு ஆண்டுகளிலும் 40 கோல் என்று எழுதியிருந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

சைப்ரஸ் பருவம் முடிந்து 2022இன் பிற்பாதியில் உள்ள வெற்றிடத்துக்குப் பல விளக்கங்கள் இருக்கலாம்: காயம், சம்பளத் தகராறு, நாடு விட்டு நாடு ஆடப் பழைய சங்கம் தரும் மாற்றுச் சான்றிதழுக்காகக் காத்திருப்பு, அல்லது கேரளத்து செவன்ஸ். மலப்புறம் பக்கம் நடக்கும் ஏழுபேர் ஆட்டங்களில் மேற்கு ஆப்பிரிக்கர்கள் ஏராளமாக ஆடுகிறார்கள். அது அதிகாரபூர்வப் போட்டி இல்லாததால் எந்தப் பதிவிலும் வராது. செவன்ஸ் ஆடியவர் என்றால் உடல் தெம்பு இருக்கும், கூட்டத்தின் சத்தத்துக்குப் பழகியிருப்பார். ஆனால் 11 பேர் ஆட்டத்துக்கான இட உணர்வைத் திரும்பப் பிடிக்கச் சில வாரம் எடுக்கும். நேரடியாகக் கேளுங்கள். மறைக்க வேண்டிய விஷயம் இல்லை என்று தெரிந்தால் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, எந்தக் கதவு வழியாக வெளிநாடு போனார் என்று பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் சில அகாடமிகளுக்கு ஐரோப்பாவில் நிலையான கதவு உண்டு. டாக்காரின் ஜெனராசியோன் ஃபூட்டிலிருந்து பிரான்சின் மெட்ஸுக்கு ஒரு பாதை. சாடியோ மானே அதன் வழியே போய், சால்ஸ்பர்க், சவுத்ஹேம்ப்டன் தாண்டி 2016இல் லிவர்பூல் சேர்ந்தார். கானாவின் ரைட் டு டிரீமிலிருந்து டென்மார்க்கின் நோர்ட்ஷெலாண்டுக்கு இன்னொரு பாதை; முகமது குதுஸ் அங்கிருந்து 2020இல் அயாக்ஸ் போனார். அபிஜானின் ஆசெக் மிமோசாஸிலிருந்து பெல்ஜியத்தின் பெவெரனுக்குப் போனவர்களில் யாயா தூரே ஒருவர். இப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவருக்குத் தாள்கள் ஒழுங்காக இருக்கும்; பள்ளிப் படிப்பும் இருக்க வாய்ப்பு அதிகம். தெருமுனை 'அகாடமி'யிலிருந்து வந்தவர் ஆட்டத்தில் குறைந்தவர் என்று பொருளில்லை. விக்டர் ஒசிமென் லாகோஸில் ஒரு சிறிய அகாடமியிலிருந்து வந்தவர்தான். ஆனால் அங்கே பதிவுகளை நீங்களே தோண்ட வேண்டியிருக்கும்.

காணொளி கேட்டால் மூன்று நிமிடத் தொகுப்பு வரும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவருடைய குழு தோற்ற ஒரு ஆட்டத்தை முழுதாக, 90 நிமிடமும் அனுப்பச் சொல்லுங்கள். பந்து இல்லாதபோது அவர் எங்கே நிற்கிறார், 70ஆவது நிமிடத்துக்குப் பிறகு எப்படி ஓடுகிறார், பந்தைப் பறிகொடுத்த மறுநொடி என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

பெயரும் வயதும்

நம்மவர் கடப்பிதழில் s/o-வுக்கு முன்னும் பின்னும் இருக்கும் பெயர் ஒவ்வோர் அலுவலகத்திலும் இடம் மாறுவதுபோல, அவர்கள் பெயரும் மாறும். குடும்பப் பெயர் ஒரு பதிவில் முன்னால், இன்னொன்றில் பின்னால். கோஃபி, குவாமே போன்று பிறந்த கிழமையை வைத்து இடும் பெயர் சில தாள்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. கடப்பிதழில் உள்ள எழுத்து வரிசையையே எல்லாத் தாளுக்கும் அடிப்படையாக வையுங்கள். பழைய சங்கத்திடம் ஃபிஃபா அடையாள எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெயர் இடறினாலும் எண் இடறாது.

வயதுக்குக் குறுக்குவழி இல்லை. ஃபிஃபா 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் மணிக்கட்டு எம்ஆர்ஐ சோதனை செய்கிறது. ஆனால் மணிக்கட்டு எலும்பின் வளரும் பகுதி முழுதும் ஒட்டிய பிறகு அது எதுவும் சொல்லாது. 24 வயது என்பவர் 28ஆ என்று கண்டுபிடிக்க அது உதவாது. பள்ளிச் சான்றிதழ், முதல் கடப்பிதழ், முதல் பதிவுத் தேதி மூன்றையும் ஒப்பிடுங்கள். 18 வயது நிரம்பாதவர் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஃபிஃபா விதி 19இன்படி வயதுக்கு வராதவர்களின் அனைத்துலக மாற்றம் தடை. அதிலுள்ள சில விலக்குகள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே ஆட மட்டும் வரும் பையனுக்குப் பொருந்துவது மிக அரிது. 'திறமையான பையன், ஏழைக் குடும்பம்' என்ற இரக்கத்தில் விதியை வளைத்தால் நடுத்தெருவில் நிற்கப்போவது அந்தப் பையன்தான்.

'ஃப்ரீ' ஆட்டக்காரரின் விலை

ஒப்பந்தம் முடிந்தவர், மாற்றுக் கட்டணம் இல்லை என்று முகவர் சொல்வார். அது பாதி உண்மை. ஆட்டக்காரருக்கு 23 வயது நிறையும் காலண்டர் ஆண்டு முடியும் வரை, நாடு விட்டு நாடு மாறினால் பயிற்சி இழப்பீடு கேட்க முந்தைய குழுவுக்கு உரிமை உண்டு. முதல்முறை தொழில்முறை ஆட்டக்காரராகப் பதிவு செய்தால், 12 வயது ஆன ஆண்டிலிருந்து 21 ஆன ஆண்டு வரை வளர்த்த எல்லாக் குழுக்களுக்கும் பங்கு உண்டு.

கணக்கு உங்கள் குழுவின் தரவகையை, அதாவது பயிற்சிக்குச் செலவிடும் அளவைப் பார்த்துக் குழுக்களைப் பிரிக்கும் வகையை, வைத்து வரும். ஆசியாவில் மூன்றாம் தரவகைக்கு ஆண்டுக்கு 10,000 அமெரிக்க டாலர், நான்காம் தரவகைக்கு 2,000. 12 முதல் 15 வயது வரையான ஆண்டுகளுக்கு எப்போதும் நான்காம் தரவகைத் தொகைதான். உங்கள் குழு மூன்றாம் தரவகை, வருபவர் 19 வயதில் முதல்முறை தொழில்முறைக்கு வருகிறார், 15 முதல் 18 வரை ஒரே அகாடமியில் இருந்தார் என்றால்: 15ஆம் வயதுக்கு 2,000, 16, 17, 18க்குத் தலா 10,000, மொத்தம் 32,000 டாலர். சிறிய குழுவுக்கு அது பெரிய அடி. அதே ஆட்டக்காரர் நான்காம் தரவகைக் குழுவுக்குப் போனால் இழப்பீடே கிடையாது. உங்கள் தரவகை என்ன என்று சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய அகாடமி விட்டுக்கொடுக்கிறது என்றால் கையெழுத்து, முத்திரையுடன் கடிதம் வேண்டும். வாட்ஸ்ஆப் குரல்பதிவு பயன்படாது.

உங்களிடமிருந்து அவர் பின்னர் நல்ல விலைக்குப் போனால், மாற்றுக் கட்டணத்தில் 5 விழுக்காடு ஒருமைப்பாட்டுத் தொகையாக அவரை வளர்த்த குழுக்களுக்குப் பிரியும்: 12–15 வயதுக்கு ஆண்டுக்கு 0.25, 16–23க்கு ஆண்டுக்கு 0.5 விழுக்காடு. உங்களிடம் அந்த வயதில் இருந்திருந்தால் உங்களுக்கும் வரும். இந்தப் பணம் 2022 நவம்பர் முதல் பாரிஸில் இயங்கும் ஃபிஃபா கணக்குத் தீர்வு நிலையம் வழியாகப் போகிறது. அதனால் பதிவுத் தேதிகளைக் கவனமாக வைத்திருங்கள்.

மருத்துவச் சோதனை, கையெழுத்துக்கு முன்

ஃபிஃபா விதி 18இன்படி, மருத்துவச் சோதனையில் தேறினால் அல்லது வேலை அனுமதி கிடைத்தால் மட்டுமே ஒப்பந்தம் செல்லும் என்று எழுத முடியாது. எழுதினாலும் அந்த வரி நிற்காது. கையெழுத்துப் போட்ட பிறகு முழங்காலில் கோளாறு தெரிந்தாலும், அனுமதி மறுக்கப்பட்டாலும், சம்பளப் பொறுப்பு உங்கள் தலையில்தான். ஆகவே சோதனை முதலில். அவர் ஊரிலேயே நல்ல மருத்துவமனையில் எடுக்கச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

முழங்கால், கணுக்கால் எம்ஆர்ஐ தவிர இரண்டைக் கட்டாயம் கேளுங்கள். ஒன்று இதயம்: இசிஜியும் எக்கோவும். கேமரூனின் மார்க்-விவியன் ஃபோ 2003இல் லியோனில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். ஐவரி கோஸ்டின் ஷேக் தியோதே 2017இல் பெய்ஜிங்கில் பயிற்சியில் சரிந்து இறந்தார். ஆப்பிரிக்க வம்சாவளி விளையாட்டாளர்களின் இசிஜியில் சில மாற்றங்கள் இயல்பாகவே காணப்படும் என்பதால், அதை விளையாட்டு இதயநோய் தெரிந்த மருத்துவர் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நலமாக இருப்பவரைத் தடுத்துவிடுவார்கள், அல்லது ஆபத்தைத் தவறவிடுவார்கள்.

இரண்டாவது அரிவாள் செல் மரபுக்கூறு, அதாவது ரத்தச் சிவப்பணுவைப் பாதிக்கும் ஒரு பரம்பரைக் கூறு. மேற்கு ஆப்பிரிக்காவில் இது பரவலாக உண்டு. உள்ளவர் தாராளமாகக் காற்பந்து ஆடலாம். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில், வந்த முதல் வாரத்திலேயே தொடர் ஓட்டப் பயிற்சி கொடுத்தால் தசை சிதைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பயிற்றுவிப்பாளருக்குத் தெரிந்திருந்தால் ஓய்வு இடைவெளியையும் தண்ணீரையும் கூட்டுவார், அவ்வளவுதான் தேவை. அவரை ஒதுக்க இதைக் காரணமாக்காதீர்கள்.

இன்னொன்று, வந்த பிறகு நடப்பது. விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பியவருக்குக் காய்ச்சல் என்றால் இங்கே எல்லாரும் டெங்கி என்றே நினைப்போம். மருத்துவரிடம் "மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தார்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, அன்றைக்கே மலேரியா ரத்தச் சோதனை எடுக்கச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவருக்குச் சிறுவயதில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். "எனக்குப் பழக்கமான காய்ச்சல்" என்று அவரே அலட்சியமாகச் சொன்னாலும் விடாதீர்கள்.

ஒப்பந்தம்

குறைந்தபட்சக் காலம் பருவம் முடியும் வரை. அதிகபட்சம் 5 ஆண்டுகள். "மூன்று மாதம் பார்ப்போம், சரியில்லை என்றால் அனுப்பிவிடுவோம்" என்ற ஏற்பாடு செல்லாது. பார்க்க வேண்டியதைத் தேர்வுப் பயிற்சியில் பார்த்துவிடுங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை: மாதச் சம்பளம் எத்தனை சிங்கப்பூர் வெள்ளி, வரிக்கு முன்னா பின்னா, எந்தத் தேதியில், வாடகை யார் கொடுப்பது, ஆண்டுக்கு எத்தனை விமானப் பயணம், கோல் ஊக்கத்தொகை லீக்குக்கு மட்டுமா கிண்ணப் போட்டிகளுக்குமா, காயம்பட்டால் சிகிச்சைச் செலவு ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடருமா. இந்தக் கடைசி வரியை மறந்துவிடுகிறார்கள். முழங்கால் குறுக்குத் தசைநார் கிழிந்தால் திரும்பி ஆட சுமார் 9 மாதம் ஆகும். ஒப்பந்தத்தில் நான்கு மாதமே மிச்சம் இருக்கலாம். வெளிநாட்டவருக்கு மத்திய சேம நிதி கிடையாது என்பதையும் விளக்கிவிடுங்கள். சக ஆட்டக்காரரின் சம்பளச் சீட்டைப் பார்த்துத் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க இடமாகிவிடும்.

செனகல், மாலி, ஐவரி கோஸ்ட், டோகோ, பெனின் ஆட்டக்காரர்களுக்குத் தாள்களில் படித்துப் பழக்கம் பெரும்பாலும் பிரெஞ்சுதான். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்று கொடுத்து, ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் காட்ட இரண்டு நாள் அவகாசம் தாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்புக் கையெழுத்து, ஒரு மூலப் பிரதி அவர் கையில். முகவர் இருந்தால் ஃபிஃபா உரிமம் உள்ளவரா என்று ஃபிஃபாவின் முகவர் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். 'விசா கட்டணம்', 'தேர்வுக் கட்டணம்' என்று ஆட்டக்காரரிடம் பணம் கறந்திருக்கிறாரா என்று ஆட்டக்காரரைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். கறந்திருந்தால் அந்த முகவருடன் பேச்சை முறித்துவிடுங்கள்.

அனுமதியும் பதிவும்

இரண்டு தனித்தனி ஓட்டங்கள் இவை. ஒன்று முடிந்தால் மற்றது தானாக முடியாது. அனைத்துலக மாற்றுச் சான்றிதழுக்கு, தகவல்களை குழு மாற்றங்களைப் பதியும் ஃபிஃபாவின் டிஎம்எஸ் கணினி முறையில் உங்கள் குழு பதிவேற்ற வேண்டும். பிறகு நம் சங்கம் பழைய சங்கத்திடம் கேட்கும். 2025 தொடக்கத்திலிருந்து பழைய சங்கம் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பெரும்பாலும் தாமதம் அங்கே இல்லை, நம் பக்கம்தான்: பெயர் எழுத்து மாறியிருக்கும், கடைசி ஒப்பந்தம் முடிந்ததற்கான தாள் இருக்காது. பொழுதுபோக்கு லீக்கில் சேர்ப்பவர்களும் கவனியுங்கள்: வெளிநாட்டில் பதிவு செய்து ஆடியவருக்கு, தொழில்முறை அல்லாதவராக இருந்தாலும், இந்தச் சான்றிதழ் வேண்டும். ஒரே பருவத்தில் மூன்று குழுக்களில் பதியலாம், இரண்டுக்கு மட்டுமே அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம் என்பதையும் சரிபாருங்கள்.

வேலை அனுமதிக்கு மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டியது முதலாளியான குழு. ஆட்டக்காரர் தானாக விண்ணப்பிக்க முடியாது. சுற்றுப்பயணியாக வந்தவருக்குச் சம்பளமோ, 'பாக்கெட் மணி' என்ற பெயரில் கொடுப்பதோ கூடவே கூடாது. தேர்வுப் பயிற்சிக்கு அழைப்பதானாலும், எந்த நாள்கள், என்ன செய்வார் என்று குறிப்பிட்டு அமைச்சிடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு அழையுங்கள். கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட்.

டிக்கெட்டோடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் வேண்டும். ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் அது செல்லும். பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சான்று இல்லாமல் இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். நேரடி விமானம் இல்லை. மாறும் நாட்டின் இடைவழி விசா விதியையும் பாருங்கள்.

இறங்கிய பிறகு

அக்ராவுக்கும் நமக்கும் 8 மணி நேர வித்தியாசம், லாகோஸுக்கு 7. முதல் இரண்டு நாள் லேசான ஓட்டம் போதும். ஜாலான் புசார், தெம்பனிஸ் நடுவம் போன்ற நம் அரங்குகளில் செயற்கைப் புல். இயற்கைப் புல்லுக்கான நீண்ட ஆணிக் காலணியோடு இறங்கினால் முழங்கால் திருகிக்கொள்ளும். குட்டையான, எண்ணிக்கை கூடிய ஆணிகள் உள்ள காலணி முதல் பயிற்சிக்கு முன்பே வாங்கிக் கொடுங்கள்.

வீவக வீட்டைக் குறைந்தது 6 மாதத்துக்குத்தான் வாடகைக்கு எடுக்க முடியும், தனியார் வீட்டை 3 மாதம். பருவத்தின் நடுவில் வருபவருக்கு இந்தக் கணக்கு இடிக்கும். வாடகை ஒப்பந்தத்தைக் குழுவின் பெயரில் போடுங்கள். சாப்பாட்டுக்குத் தேக்கா சந்தைக்கு ஒரு முறை கூட்டிப் போங்கள். ஆட்டிறைச்சி, வெண்டைக்காய், மரவள்ளி, கருவாடு, காரமான மிளகாய் எல்லாம் அங்கேயே கிடைக்கும். அவர் சமைக்கத் தொடங்கிவிட்டால் பாதி ஏக்கம் தீரும்.

சம்பளம் தவறினால்

இந்தப் பகுதியை ஆட்டக்காரர் கையிலும் கொடுங்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் தர வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். தராவிட்டால் டிஏடிஎம் எனப்படும் முத்தரப்புச் சச்சரவுத் தீர்வு அமைப்பிடம் போகலாம். வேலையை விட்டிருந்தால் 6 மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். ஃபிஃபா வழி தனி: இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால் எழுத்தில் அறிவிப்பு கொடுத்து, 15 நாள் அவகாசம் தந்து, அப்போதும் வரவில்லை என்றால் ஒப்பந்தத்தை முறிக்க நியாயமான காரணம் இருக்கிறது. ஃபிஃபா காற்பந்துத் தீர்ப்பாயத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஆட்டக்காரருக்கு அங்கே நடைமுறைக் கட்டணம் இல்லை. அறிவிப்பு கொடுக்காமல் கோபத்தில் பயிற்சிக்கு வராமல் நின்றுவிட்டால், சம்பளம் கிடைக்காதவரே ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிவிடுவார். எத்தனையோ நியாயமான வழக்குகள் தோற்பது இந்த இடத்தில்தான்.

கிளம்பும்போது

வெளிநாட்டு ஊழியர் வேலை முடிந்து போவதற்கு ஒரு மாதத்துக்கு முன் குழு வரித் துறையிடம் ஐஆர்21 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அவர் கிளம்பப்போவது தெரிந்த நாளிலிருந்து, வரித் தீர்வு கிடைக்கும் வரை, அவருக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும். கடைசி மாதச் சம்பளம் உடனே கைக்கு வராது என்பதை அவரிடம் இரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள். ஊரில் பள்ளிக் கட்டணமோ தம்பியின் மருத்துவச் செலவோ அந்தப் பணத்தை நம்பி இருக்கும். 183 நாளுக்குக் குறைவாக இங்கே இருந்தவருக்கு வரி விகிதம் வேறு. அதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

போகும் முன் ஓர் உறையில் இவற்றை வைத்துக் கொடுங்கள்: ஒப்பந்தம் முடிந்ததற்கான கடிதம், ஆடிய ஆட்டங்களும் நிமிடங்களும், பதிவு தொடங்கிய முடிந்த தேதிகள், மருத்துவப் படங்கள், வரித் தீர்வுக் கடிதம், மூன்று முழு ஆட்டங்களின் காணொளி. அடுத்த குழு கேட்கப்போவது இவற்றைத்தான்.